ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டார்கள்

கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் சிமென்ட் பெஞ்சு ஒன்று உண்டு. அன்று அதன் ஒரு முனையில் பழனிமுத்து உட்கார்ந்திருந்தார், மறுமுனையில் அவர் மனைவி தனபாக்கியம். நடுவில் ஒரு மஞ்சள் பை. அதற்குள், முசிறி பஸ்ஸில் மடியிலேயே வைத்து அவர் கொண்டுவந்த பூவன் சீப்பு. பழம் நன்றாகக் கனிந்திருந்ததால் வராந்தா முழுக்க அதன் வாசனைதான். பினாயில், ஸ்டாம்ப் பேடு மை, பழைய காகிதம் என்று அரசு அலுவலகத்துக்கே உரிய வாசனைகளெல்லாம் அன்று அடங்கிக் கிடந்தன.

வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பெரியவர் கஞ்சி போட்ட வேட்டி கட்டி, மழமழவென்று முகச்சவரம் செய்துகொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். ஒரு பழத்தைப் பிய்த்து, தோலைப் பாதிவரை உரித்து, மனைவியிடம் நீட்டினார். நம்ம வாழையில் வெட்டியது, தின்னு என்றார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். ஆனால் தின்னவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

மகன்கள் தங்களைப் பிரித்து வைத்துவிட்டார்கள், ஒரே வீட்டில் சேர்ந்து இருக்க வழி செய்யுங்கள் என்பது மனு. இருவர் பெயரிலும் போட்டது. உள்ளே கூப்பிட்டதும் பெரியவர் என்ன பேசுவார் என்பது அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வந்ததிலிருந்து எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்ன பேசப்போகிறார் என்பது மனுவை எழுதிக்கொடுத்த எனக்கு மட்டும் தெரியும். புருஷனிடம் அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

கிணறு பொது

சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவர்களை விரட்டிய பிள்ளைகளைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் தம்பி போன் செய்தான். நல்ல பிள்ளைகளே உன் ஆபீசுக்கு வரமாட்டார்களா என்று கேட்டான். வருவார்கள். அவர்கள்தான் எனக்கு அதிகத் தலைவலி. கெட்ட பிள்ளைகளுக்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. நல்ல பிள்ளைகளை என்ன செய்வது என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் சீனியரின் ஆபீஸ் தென்னூரில், ஒரு மாவு மில்லுக்கு மாடியில் இருந்தது. மில்லில் மிளகாய் அரைக்கிற நாளில் நாங்கள் தும்மிக்கொண்டேதான் எழுதுவோம். வந்த கட்சிக்காரர் கண்ணைத் துடைத்தால், துக்கம்தான் காரணமா, மிளகாயா என்று கண்டுபிடிக்க முடியாது. சீனியர் இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் கொடுக்கச் சொல்வார்.

முசிறி, தொட்டியம், மருங்காபுரி என்று சுற்றுவட்டாரத்துப் பாகப்பிரிவினையெல்லாம் எங்களிடம் வரும். அந்தப் பத்திரங்களை எழுதியே என் கையெழுத்து கெட்டது. எத்தனை நுணுக்கம் தெரியுமா. கிணறு பொது, இறைக்கிறது முறை வைத்து. மோட்டார் ரூம் பொது. வண்டிப்பாதை பொது. வரப்போரத்துத் தென்னை மரம் யாருக்கு, அதன் மட்டை பக்கத்து வயலில் விழுந்தால் மட்டை யாருக்கு என்பதுவரை எழுதச் சொல்வார்கள்.

அப்பாவும் அம்மாவும் மட்டும் பத்திரத்தில் வரமாட்டார்கள். அது கடைசியில், எல்லோரும் டீ குடிக்கிற நேரத்தில், வாய்ப்பேச்சாக முடியும். அப்பா பெரியவனிடம், அம்மா சின்னவனிடம். ஆளுக்கு ஒருவர். யாருக்கும் கூடுதல் சுமை இல்லை, யாருக்கும் குறையும் இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் நியாயமாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டுவார்கள். கிணற்றைப் பொதுவில் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பெற்றவர்களைப் பொதுவில் வைக்கத் தோன்றவில்லை என்பது அந்த வயதில் எனக்கும் உறைக்கவில்லை. நானும் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பத்திரத்தை எடுப்பேன்.

பழனிமுத்து குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது. முசிறிப் பக்கம் வாழையும் நெல்லும் போடுகிற குடும்பம். மூத்தவன் கணேசன் விவசாயம் பார்க்கிறான். இளையவன் சேகர் தென்னூரில் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறான். நிலத்தைப் பிரித்தபோது, தோட்டம் தெரிந்த அப்பா மூத்தவனோடு இருக்கட்டும், சேகர் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பதால் அம்மா அங்கே போகட்டும் என்று முடிவாயிற்று. இருவரும் சரி என்றார்களாம். அந்தச் சபையில் வேறு என்ன சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு பொங்கலுக்கும் பதினெட்டாம் பெருக்குக்கும் பார்த்துக்கொண்டார்கள். மற்றபடி யாராவது செத்தால் பார்த்துக்கொண்டார்கள். ஒரு துக்க வீட்டில் கிழவர் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்து மனைவியோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து உறவுக்காரர்கள் கேலி செய்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஃபேன் இறக்கையில் பெயர்

பழனிமுத்து என்னிடம் வந்தது ஸ்ரீரங்கத்தில்.

உத்தர வீதிகளில் ஒன்றில் எங்கள் அறக்கட்டளை முதியோருக்கான பகல் இல்லம் நடத்துகிறது. காலையில் வருவார்கள், மத்தியானம் சாப்பிடுவார்கள், மின்விசிறிக்குக் கீழே ஒரு தூக்கம், மாலை காபி, வீடு. சனிக்கிழமை தோறும் நான் அங்கே கூடத்தில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு இலவசமாக யோசனை சொல்வேன். கோர்ட்டில் சம்பாதித்ததைவிட அந்த மேஜையில் நான் சம்பாதித்தது அதிகம் என்று மேடையில் பேசும்போது சொல்வதுண்டு. அது கொஞ்சம் பொய். ஆனால் அந்த மேஜை எனக்குப் பிடிக்கும்.

தர்மம் செய்கிறவர்களைப் பற்றித் தனியாகவே பல வாரம் எழுதலாம். எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு ஃபேன் இறக்கையிலும் ஒரு பெயர் இருக்கும். சுற்ற ஆரம்பித்தால் யார் பெயரும் தெரியாது, அது வேறு விஷயம். சக்கர நாற்காலி கொடுக்க ஆள் வரிசையில் நிற்பார்கள், ஏனென்றால் அதில் கிழவரை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கலாம். நடக்க முடியாதவர்களைவிட நாற்காலிகள் எங்களிடம் அதிகம். கக்கூஸ் கழுவுகிறவர் சம்பளத்துக்கு உபயம் என்று எழுதிப் போட இன்றுவரை ஒருவர் வந்ததில்லை.

வீட்டையே கொடுத்த ரங்கநாயகி டீச்சர் பெயர் மட்டும் எங்கேயும் கிடையாது. ரிடையரான கணக்கு டீச்சர். பிள்ளை குட்டி இல்லை. பத்திரம் எழுத நான் போனபோது நெற்றியில் ஸ்ரீசூர்ணம் பளிச்சென்று இருக்க, ஊஞ்சலில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தத் திருமாளிகையில மத்தியானத் தளிகை நிக்கப்படாது. பசின்னு வந்தவாளைக் குலம் கோத்ரம் கேக்கப்படாது. ரெண்டுக்கும் சம்மதம்னா எழுதிக்கோ. என் பேரைப் போடாதே. பெருமாள் குடுத்தது, நான் யாரு குடுக்கறதுக்கு?"

முன்கட்டில் ஒரு அறையைத் தனக்கு வைத்துக்கொண்டார். மீதி வீடு முழுக்க எங்களுடையது. இப்போது அவர் பரமபதித்துச் சில வருஷம் ஆகிறது. மத்தியானத் தளிகை, அதாவது சாப்பாடு, இன்றுவரை நிற்கவில்லை.

மழை வருதுன்னு யாருட்ட சொல்றது

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழனிமுத்து என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மகன் அடித்தானா, சோறு போடவில்லையா, கையெழுத்து வாங்கிவிட்டானா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். மகன் தங்கம், மருமகள் தங்கம், வேளாவேளைக்குச் சாப்பாடு, பொங்கலுக்கு இரண்டு வேட்டி. அப்புறம் என்னதான் ஐயா உங்களுக்குக் கஷ்டம் என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மழை வந்தா, 'இந்தா, மழை வருது'ன்னு அதுகிட்ட சொல்வேங்க. கொல்லையில மயிலு வந்தா சொல்வேன். இப்ப யாருட்ட சொல்றது? மருமககிட்டச் சொன்னா, 'ஆமா மாமா, தெரியுது'ங்குது."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் மேஜைக்கு வந்த குறைகளில் இவ்வளவு சின்னதாக ஒன்று வந்ததில்லை, இவ்வளவு பெரிதாகவும் வந்ததில்லை. போனில் பேசலாமே என்று கேட்டேன். சேகர் போனைத்தான் அந்த அம்மாளிடம் கொடுப்பார்களாம். ஸ்பீக்கரில் போட்டுக் குடும்பமே சுற்றி நிற்குமாம். சாப்பிட்டியா என்று இவர் கேட்பார், சாப்பிட்டேன் என்று அவர் சொல்வார். அதோடு சரி.

மனுவை அன்றே எழுதினேன். உருகி உருகி எழுதினேன் என்றுதான் சொல்லவேண்டும். அதை வாங்கிக்கொண்டு தென்னூர் போய், மனைவியிடம் கையெழுத்து வாங்கி, சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார். எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து. படித்துப் பார்த்தாரா என்று கேட்டேன். எதற்குப் படிக்கவேண்டும், நான்தானே கொண்டுபோனேன் என்றார்.

கூட வந்தவர்கள் வெளியே

இங்கே என் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வயதானவர் யார் வந்தாலும் முதலில் அவரிடம் தனியாகப் பேசுவேன். கூட்டிக்கொண்டு வந்தவர், அது மகளோ பேரனோ கவுன்சிலரோ, வெளியே போகவேண்டும். இதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அம்மாவுக்குக் காது கேட்காது, நான் இருந்தால்தான் புரியும் என்பார்கள். அவர்கள் வெளியே போனதும் அம்மாவுக்கு நன்றாகக் காது கேட்கும்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். ஐயா, நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மகன்களை வெளியே அனுப்புவது சரி, நானும் வேற்றாளா என்று கேட்டார். இன்றைக்கு வேற்றாள்தான் என்றேன். சிரித்துக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்.

அவர் தலை மறைகிறவரை தனபாக்கியம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் போகவில்லை என்றால் மனு தள்ளுபடி ஆகிவிடுமா என்று மெதுவாகக் கேட்டார்.

மகன்கள் ஏதாவது மிரட்டினார்களா என்றேன். இல்லை என்றார். மருமகளை விட்டுவர மனமில்லையா என்றேன். அதுவும் இல்லை.

"தென்னூருல எனக்குப் பெரிய சொகமெல்லாம் இல்ல வக்கீலம்மா. ஹால்ல ஒரு கட்டிலு. டிவி ஓடுனா தூக்கம் வராது. ஆனா தட்டு வருது. யாரோ ஆக்கி, யாரோ போட்டு, தட்டு ஏங்கிட்ட வருது. பொறந்ததுலேருந்து எனக்கு அது நடந்ததில்ல. இவரோட போனா மறுபடி அடுப்பு ஏங்கிட்டதானே வரும்? வெரலப் பாருங்க."

பார்த்தேன். முட்டிகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. உலைப்பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்தே போன விரல்கள்.

அவர் மேல் பிரியம் இல்லையா என்று ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வக்கீல் என்பதே மறந்துவிட்டது.

"அவரு நெனப்பாத்தான் இருக்கேன். அவரோட இருக்கணும். அவருக்கு ஆக்கிப் போட முடியாது. ரெண்டும் வேற வேறன்னு அவருக்குத் தெரியாதும்மா."

நானும் கோர்ட்டுக்குக் கிளம்புமுன் மூன்று வேளைக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு ஓடியவள்தான். ஆனாலும் அந்தப் பெரியவர் மழையைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் சேர்ந்து இருக்கப்போகிற வீடு என் கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, அதில் ஒரு அடுப்படி இருக்கும் என்பது தெரியவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வரும் தம்பதிகளிடம் நான் கேட்கும் கேள்விகளில் யார் சமைப்பது என்பதும் ஒன்று. பல ஆண்கள் அதை வம்புக்குக் கேட்பதாக நினைக்கிறார்கள்.

நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார் தனபாக்கியம். முடியாது என்றேன். நான் சொன்னால் வக்கீலம்மா சொல்லிக்கொடுத்தது என்று ஆகிவிடும். உங்கள் வாயால்தான் வரவேண்டும் என்றேன். அந்த அம்மாள் புருஷனிடம் முடியாது என்ற வார்த்தையையே சொன்னதில்லையாம். சொன்னால் உடைந்துபோய்விடுவார், சொல்லாவிட்டால் நான் உடைந்துபோய்விடுவேன் என்றார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ரசம் பிரமாதம், உன் ரசம் மாதிரியே இருந்தது என்றார் மனைவியிடம்.

பச்சைத் திரை

சரி, வராந்தாவுக்கு வருவோம்.

மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பராமரிப்பு வழக்கில் கட்சிக்காரருக்காக வக்கீல் ஆஜராகக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வக்கீல்கள் வந்தால் வழக்கு முடியாது என்று நினைத்திருப்பார்கள், தப்பில்லை. எந்தச் சட்டத்துக்காக என் வாழ்க்கையில் பாதியைக் கொடுத்தேனோ அந்தச் சட்டம் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்தது. என் தொழில் வாழ்க்கையின் முக்கியமான வழக்குகளையெல்லாம் நான் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான் நடத்தியிருக்கிறேன்.

பெயர் கூப்பிட்டார்கள். பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு தனபாக்கியம் எழுந்தார். பெரியவர் பின்னால், மகன்கள் அதற்கும் பின்னால். கதவில் பச்சைத் திரை. உள்ளே ஓடிய ஃபேன் காற்றில் திரை அவ்வப்போது விலகும். எனக்கு அந்த அம்மாளின் முதுகும், சேகரின் கையில் இருந்த போனும் தெரிந்தன.

கோட்டாட்சியர் ஒரு இளம்பெண். இவர்களுக்குப் பேத்தி வயது இருக்கும். முதலில் மகன்களைக் கேட்டார். அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய போட்டோவைச் சேகர் போனில் காட்டினான். பொய்யில்லை, பிறகு எனக்கும் காட்டினான், அந்த அம்மாள் பிறந்தநாள் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணேசன் முன்னால் வந்தான். இரண்டு பேரும் தனியாகப் போனால் ஊர் என்ன பேசும், பிள்ளைகள் துரத்திவிட்டார்கள் என்றுதானே பேசும், நாளைக்கு என் பெண்ணுக்கு வரன் வரும்போது என்ன சொல்வேன் என்றான். அவன் நடித்தான் என்று நான் நினைக்கவில்லை.

பெரியவர் மழையைச் சொன்னார், மயிலைச் சொன்னார். உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது.

பிறகு கோட்டாட்சியர் அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். நீங்கள் சொல்லுங்கள் அம்மா என்றார்.

சொல்லமாட்டார் என்றே நினைத்தேன். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வெளியே வருவார், இன்னும் இருக்கிற காலத்துக்கும் உலை வைப்பார், மனு வெற்றி என்று எல்லோரும் என்னைப் பாராட்டுவார்கள். கையில் இருந்த பழம் நசுங்கியது.

"இவரோட இருக்க எனக்கு இஷ்டம்தாங்க," என்றார். "ஆக்க மாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். கோட்டாட்சியர் சிரிக்கவில்லை. என்ன சொல்கிறாய் என்று பெரியவர் கேட்டார். குரலில் கோபமில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. தனபாக்கியம் அவர் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியையே பார்த்து, ஆனால் அவருக்குத்தான் சொன்னார். முடியவில்லை, கை முடியவில்லை, மனசும் முடியவில்லை. அடுப்படி இல்லாமல் கூப்பிட்டால் வருகிறேன், இல்லையென்றால் சின்னவன் வீட்டிலேயே கிடந்துவிட்டுப் போகிறேன்.

பார்த்தீர்களா, அம்மாவே வரமாட்டேன் என்கிறது என்று கணேசன் ஆரம்பித்தான். பெரியவர் அவனைக் கையமர்த்தினார். திரை விலகியபோது அவர் முகம் எனக்குத் தெரிந்தது. காலையில் பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்த மனிதர், ஒரே நிமிஷத்தில் அத்தனை வயதையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான் ஆக்குனா வருவியா?"

அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா உங்களுக்கு என்று அந்த அம்மாள் கேட்டார். தெரியாது என்றார் அவர். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

தனபாக்கியமும் சம்மதிக்க, இருவரும் தனியாகத் தங்கிக்கொள்வது, செலவை மகன்கள் பாதிப் பாதி ஏற்றுக்கொள்வது என்று சமரசமாக எழுதிக்கொண்டார்கள். யார் சமைப்பது என்பதை அதிகாரி அதில் எழுதவில்லை. எழுதவும் இடமில்லை.

வெளியே வந்த பெரியவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னாலேயே உங்களிடம் சொன்னாளா என்று கேட்டார். சொன்னார் என்றேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றார். மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கேட்டால்தானே சொல்லும் என்று தனக்குள் முணுமுணுத்தார்.

இரண்டாம் கட்டு

ஊரில் இருந்தால் மகன்களுக்குப் பேச்சு வரும் என்பதால் ஸ்ரீரங்கத்திலேயே, பகல் இல்லத்தின் இரண்டாம் கட்டில் காலியாகக் கிடந்த அறையைக் கொடுத்தோம். கிணற்றடியை ஒட்டி ஒரு சின்னச் சமையலறை. அப்போது உயிரோடு இருந்த டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், மீன் மாமிசம் கூடாது. காவிரிக் கெண்டை இல்லாமல் வளராத மனிதர், அதற்கும் சரி என்றார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணேசனைப் பார்க்கப் போகிறேன் என்று முசிறிக்குக் கிளம்புவார். திரும்பி வரும்போது வாய் நிறைய வெற்றிலை இருக்கும். எதற்கு இவ்வளவு வெற்றிலை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் சாப்பாட்டுக் கூடத்திலேயே இருவருக்கும் போட்டுவிடுகிறோம் என்று சொன்னோம். மத்தியானம் வேண்டுமானால் அப்படி இருக்கட்டும், ராத்திரிச் சோறு நான்தான் ஆக்குவேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். சபையில் சொல்லிவிட்டாராம்.

முதல் நாள் காஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஒரு கஜம் பின்னால் தாவினார். கத்தரிக்காயை வாழைக்கட்டை வெட்டுவது போல வெட்டினார். சோறு ஒரு நாள் அரிசியாகவே இருக்கும், ஒரு நாள் களியாக இருக்கும். தீய்ந்த வாசனை முன்கட்டுக்கு வந்தால் டீச்சர், "பெருமாளே, இன்னிக்கும் தீஞ்சுடுத்தா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தனபாக்கியம் அடுப்படி வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போகமாட்டார், வாயையும் திறக்கமாட்டார். எண்ணெய் காயுமுன் கடுகைப் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தவம் என்பது சமைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கே எழுந்து போய் அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கத் தோன்றும்.

அவர் தட்டைக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுப்பார். பக்கத்திலேயே நின்றுகொண்டு, நல்லா இருக்கா என்பார். அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு என்பார். பிறகுதான் பெரியவர் தனக்குப் போட்டுக்கொள்வார். சாயங்காலங்களில் வேலையாக அங்கே தங்க நேர்ந்தபோதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பேரானந்தமாக இருக்கும். என் தொழிலில் நிம்மதியாகத் தூங்கவைத்த வழக்குகள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று.

சில வருஷங்கள் அப்படிப் போயின. போன தை மாதம், கீரை வாங்கப் போன இடத்தில் பெரியவர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

போன வாரம் தென்னூரில்

காரியமெல்லாம் முடிந்து, தனபாக்கியத்தைச் சேகர் தென்னூருக்கே அழைத்துப்போய்விட்டான். இந்தத் தடவை அம்மா எங்களிடம் வரட்டும் என்று கணேசனும் சண்டை போட்டான். அம்மாவையே கேட்டார்களாம். கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். மத்தியான நேரம். ஹாலில் அதே கட்டில், ஆனால் டிவியை உள்ளறைக்கு மாற்றியிருந்தார்கள். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று சேகரின் மனைவி என்னையும் உட்கார வைத்தாள். முருங்கைக்காய் சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், சுட்ட அப்பளம். கைமணம் என்றால் அதுதான். நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தனபாக்கியம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உருட்டினார், வைத்தார், மறுபடி உருட்டினார். மருமகள் மோர் எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"அவரு வச்ச கொழம்ப ஒரு நாளும் வாயில வைக்க முடியாதும்மா. ஒரு நாள் உப்பு கரிக்கும், ஒரு நாள் உப்பே இருக்காது. நல்லா இருக்கான்னு கேப்பாரு, நல்லா இருக்குன்னுதான் சொல்வேன். இல்லன்னு சொன்னா எங்க கரண்டிய ஏங்கிட்டக் குடுத்துருவாரோன்னு மொதல்ல பயம். அப்புறம் அந்தப் பயமெல்லாம் இல்ல. ஆனாலும் சொல்லல."

உள்ளே மோர்ப்பானை மூடுகிற சத்தம் கேட்டது. அவர் தட்டைப் பார்த்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு. எறங்க மாட்டேங்குது."